எருக்கஞ்செடியிலிருந்து ஆரம்பியுங்கள்

காட்டுயிர்ப் படம் எடுக்க வேண்டுமானால் முதுமலைக்கோ கபினிக்கோதான் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் எங்கள் ஊர் ஏரிக்கரையில் நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. மதுராந்தகத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற சின்ன ஏரி. ஒரு மதகு, ஒரு கலங்கல், கரை நெடுகப் பனை, உள்வாயில் கருவேலமும் நாலைந்து நீர்க்கடம்பும், கரைக்கு இந்தப் பக்கம் நெல் வயல், வடக்குக் கோடியில் ஆடு மேயும் முட்புதர்க் காடு. இதற்குள் ஓர் ஆண்டு முழுக்க நடப்பதையெல்லாம் பார்த்து முடிக்க என் ஆயுள் போதாது. அப்படி ஓர் இடம் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் வாய்த்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

கலங்கலை ஒட்டி நிற்கும் எருக்கஞ்செடியிலிருந்து ஆரம்பிக்கிறேன். என்னிடம் இருக்கிற நல்ல படங்களில் பாதிக்கு அந்த ஒரே செடிதான் மேடை. யாரும் தண்ணீர் ஊற்றாத செடி, ஆடு வாய் வைக்காத செடி. பிள்ளையார் சதுர்த்திக்கு மாலை கட்டப் பூப் பறிப்பார்கள். மற்ற நாளில் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். காலை ஏழரை எட்டு மணிக்கு அதன் முன்னால் ஒரு மணி நேரம் குந்திப் பாருங்கள். முதலில் கருவண்டு வரும். நல்ல பருமன், கன்னங்கறுப்பு உடம்பு, வெயில் பட்டால் இறக்கையில் நீலமும் ஊதாவும் மாறி மாறி அடிக்கும். பூவின் நடுவில் எழும்பி நிற்கும் மகுடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தேன் குடிக்கும். அது கிளம்புகிற நேரத்தில் காலைக் கவனியுங்கள். எருக்கு தன் மகரந்தத்தைத் தூளாக உதிர்ப்பதில்லை. இரண்டிரண்டாகக் கோத்த பொட்டலங்களாக்கி வண்டின் காலில் மாட்டிவிடுகிறது. மாட்டிய பொட்டலத்தோடு அது அடுத்த பூவுக்குப் போகும். அங்கே சரியான இடுக்கில் கால் வழுக்கினால்தான் பொட்டலம் உள்ளே இறங்கும், காய் பிடிக்கும். இதை ஒரு முறை மேக்ரோ லென்ஸ் வழியாகக் கண்ணால் பார்த்துவிட்டால் எருக்கஞ்செடியைச் சாதாரணமாகக் கடந்து போகவே முடியாது. என்னால் முடியவில்லை.

அடுத்து வெந்தய வரியன் வரும். ஆரஞ்சு இறக்கையில் கறுப்பு ஓரமும் வெள்ளைப் புள்ளியும் வைத்த பட்டாம்பூச்சி, எல்லா ஊரிலும் உண்டு. பெண் பூச்சி இலை மேல் உட்கார்ந்து வயிற்றை மட்டும் வளைத்து அடிப்பக்கத்தில் ஒரே ஒரு முட்டையை ஒட்டும். பிறகு வேறு இலைக்குப் போய்விடும். சில நாளில் அதிலிருந்து வரும் புழு இருக்கிறதே, அதன் அலங்காரத்தை என்ன சொல்ல! வெள்ளை, கறுப்பு, மஞ்சள் பட்டை மாறி மாறிச் சுற்றியிருக்க, முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்புகள். எருக்கிலையைக் கிள்ளினால் பால் வடியும் என்று நமக்குத் தெரியும். அந்தப் பால் சின்னப் பூச்சிகளின் வாயைப் பிசின் போட்டு ஒட்டிவிடும். இந்தப் புழுவோ சாப்பிட உட்காருவதற்கு முன் இலையின் நரம்பைக் கடித்து அறுக்கிறது. பால் அங்கேயே வடிந்து நின்றுபோகும். பால் வராத பகுதியை அப்புறம் நிதானமாகத் தின்கிறது. நான் மண்ணில் படுத்துக்கொண்டு, முழங்கை இரண்டையும் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த வாய் அசைவதை எடுத்தேன். நரம்பு அறுபட்ட இடத்தில் ஒரு வெள்ளைத் துளி ததும்பி நிற்க, அதற்கு ஒரு நூல் தள்ளி அதன் தலை. இத்தனைக்கும் அந்தப் பாலின் நஞ்சைப் புழு வீணாக்குவதில்லை. உடம்பில் சேர்த்து வைத்துக்கொண்டு, இறக்கை முளைத்த பிறகும் அதையே காவலாக வைத்துக்கொள்கிறது. ஒரு முறை கொத்திய பறவை மறு முறை யோசிக்கும்.

இந்தக் காவலைக் காப்பியடிக்கிற பூச்சி ஒன்றும் உண்டு. அதே குடும்பத்தில் வேறொரு துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பெண் மட்டும் வெந்தய வரியனை அச்சு அசலாக ஒத்திருக்கும். உடம்பில் நஞ்சு கிடையாது, வேஷம் மட்டும் உண்டு. பறக்கும்போது பார்த்தால் எனக்கும் பிரித்துச் சொல்ல வராது. படம் எடுத்து வீட்டில் திரையில் பெரிதாக்கிப் பின்னிறக்கையைப் பார்க்க வேண்டும். வெந்தய வரியனுக்கு நடுவில் மூன்று நான்கு கரும்புள்ளி இருக்கும், வேஷக்காரிக்கு விளிம்பருகே ஒன்றுதான். கேமராவின் அருமை எனக்கு இந்த இடத்தில்தான் முழுசாக விளங்கியது. கண் நொடியில் பார்த்து விட்டுவிடுவதைப் படம் நிறுத்தி வைத்துக்கொண்டு பதில் சொல்கிறது.

வடக்குக் கோடியில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நான் எருக்கின் கீழ் படுத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, “இன்னா சார், ஏரி பூரா கொக்கு நிக்குது, எருக்கஞ்செடிய போயி படம் புடிக்கிற?” என்று கேட்டார். புழுவின் முகம் தெரிகிற படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். “அட, இதுக்கு மூஞ்சி இருக்குதா!” என்றார். அன்றிலிருந்து ஏரியின் செய்தியெல்லாம் எனக்கு அவரிடமிருந்துதான். சித்திரையில் ஒரு நாள் என்னைக் கண்டதும் கையைக் காட்டி, “மேட்டாண்ட போவாத சார். ஆள்காட்டி முட்ட வச்சிகினு உக்காந்துகினு இருக்குது. நானே ஆட்ட அந்தாண்ட ஓட்டல” என்றார். இப்படி ஒரு மனிதர் இருக்கும் வரைக்கும் அந்தப் பறவைக்கு வேறு காவல் வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அந்த ஆள்காட்டியைக் கரைமேலிருந்து, பெரிய ஜூம் லென்ஸ் எட்டுகிற கடைசித் தூரத்திலிருந்து பார்த்தேன். கூடென்று ஒன்றும் கிடையாது. வெட்ட வெளியில் கூழாங்கல்லுக்கு நடுவே ஒரு சின்னக் குழி, கல்லின் நிறத்திலேயே நான்கு முட்டை. உச்சி வெயிலில் தரை கொதிக்கிறது. அது முட்டை மேல் அடைகாக்கிறதென்று சொல்வதைவிட நிழல் கொடுத்துக்கொண்டு நிற்கிறதென்று சொல்லலாம். கொஞ்ச நேரத்தில் துணைப் பறவை ஏரியின் மிச்சத் தண்ணீரில் இறங்கி, வயிற்றை நன்றாக அமுக்கி நனைத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நடந்து வந்து இடம் மாறி உட்கார்ந்தது. ஈர இறகால் முட்டையைக் குளிர்விக்கிறது! புத்தகத்தில் படித்திருந்தேன். படித்ததை நம் ஏரியிலேயே, நம் ஊர் வெயிலிலேயே பார்த்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. படம் அத்தனை துல்லியமாக இல்லை. கானல் அலையடித்துக் கலங்கலாகத்தான் இருக்கிறது. அந்தக் கலங்கலும் சேர்ந்துதான் சித்திரை. அதை அழிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

கோடையைப் பற்றி ஊரில் குறைதான் சொல்வார்கள். எனக்கோ பூக்களின் காலம் அதுதான். கொன்றை சரம் சரமாகத் தொங்கும்போது அதன் அடியில் நின்று காதைக் கொடுங்கள். பறக்கும்போது வருகிற ரீங்காரம் ஒன்று, பூவில் தொற்றிக்கொண்டதும் திடீரென்று சுருதி ஏறிக் கேட்கிற இன்னொரு ரீங்காரம். கொன்றையின் மகரந்தப்பை முழுசாகப் பிளக்காது, துளை வழியாகத்தான் தூள் கொட்டும். வண்டு இறக்கையை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவைத்துக் குலுக்கி எடுக்கிறது. அந்தக் குலுக்கலின் ஓசைதான் அது. அதே மரத்துக் கொழுந்தில் வெள்ளையும் வெளிர்மஞ்சளுமான பட்டாம்பூச்சிகள் முட்டை வைக்க அலைந்துகொண்டிருக்கும். நீர்க்கடம்போ ராத்திரியில் பூத்து விடிகாலையில் உதிர்த்துவிடும் மரம். தாமதமாக எழுந்திருப்பவர்களுக்கு அது காட்சி தருவதில்லை. வற்றிச் சுருங்கிய தண்ணீரின் ஓரம் முழுக்க அதன் சிவப்புக் கேசரங்கள் மிதந்துகொண்டிருக்க, நடுவே ஒரு மடையான் அசையாமல் நிற்கும். கூடு கட்டும் பருவம் வந்துவிட்டால் அந்த மண்ணிறக் கொக்குக்கு முதுகு பூராவும் அரக்குச் சிவப்பு ஏறிவிடுகிறது. அந்த உடையில் அதைப் பார்ப்பவர்கள் புதுப் பறவை ஏதோ வந்திருக்கிறதென்றே நினைப்பார்கள்.

ஆடிக் காற்றில் படம் எடுப்பது கஷ்டம், செடி ஒரு நிலையில் நிற்காது. அந்த மாதம் நான் ஓணானுக்குக் கொடுத்துவிட்டேன். ஆண் ஓணானுக்குத் தலையும் தோளும் செக்கச் செவேலென்று ஆகி, தொண்டையில் கறுப்பு விழுந்து, வேலிக்கல் மேல் ஏறி நின்று தண்டால் எடுக்கும். எதிர்க்கல்லில் இன்னொன்று பதிலுக்குத் தண்டால் எடுக்கும். உடம்பைத் தரையோடு தாழ்த்தி, அதன் கண் மட்டத்துக்கு லென்ஸை இறக்கி எடுக்க வேண்டும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் வெறும் ஓணான். கண்ணுக்கு நேராக எடுத்தால் ராஜா.

புரட்டாசியில் பனைமரத்தடியில் பாயை விரித்துப் படுத்துவிடலாம், தூக்கணாங்குருவிகளுக்காக. ஆண் குருவி நெல் தோகையின் ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டி, பறந்துகொண்டே இழுத்து, நீளமான நார் ஒன்றைக் கிழித்துக்கொண்டு வரும். பனையோலை நுனியில் முடிச்சுப் போட்டு, பின்னிப் பின்னி, தலைக்கவசம் அளவுக்கு வந்ததும் நிறுத்திவிடும். அரைக்கூடு. அதில் தொங்கிக்கொண்டு இறக்கையை அடித்துப் பாடும். பெண் குருவி வந்து உள்ளே நுழைந்து, அங்கே இங்கே இழுத்துப் பார்க்கும். பிடித்தால்தான் மேற்கொண்டு வேலை. பிறகே முட்டை அறையும் நீண்ட நுழைகுழாயும் முடியும். பிடிக்காமல் போய்விட்டால் அந்த அரைக்கூடு காற்றில் ஆடிக்கொண்டு கிடக்கும். முடிந்த கூடுகளைத்தான் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். எனக்கு அந்த அரைக்கூடும், அதற்குள் தலையை விட்டு முடிச்சைச் சோதிக்கும் பெண் குருவியின் அலகும்தான் உயிர். 1/2000 நொடியில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் குறைந்தால் இறக்கை கரைந்துவிடும். அதே பனையின் காய்ந்த ஓலைக்கு அடியில் பனை உழவாரன் எச்சிலால் இறகை ஒட்டிக் கிண்ணம் செய்து வைத்திருக்கும். ஒரே மரத்தில் நெசவும் ஒட்டுவேலையும்! பனையை வெட்டுகிறவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது.

அப்புறம் மழை. மற்ற மாதங்களெல்லாம் எனக்கு இதற்கான ஒத்திகை என்றே சொல்வேன். எங்கள் பக்கம் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது, அதனால் ஐப்பசியில் ஏரியின் எல்லா உயிரும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்கிறது. மழைக்கு முன்னால் தட்டான்கள் கூட்டம் கூட்டமாகக் கரைமேல் தாழப் பறக்கும். இவற்றில் ஓர் இனம் வாடைக்காற்றோடு மாலத்தீவுகளைத் தாண்டி, கடல்மேலேயே ஆப்பிரிக்கா வரை போகிறது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற பூச்சி இந்தியப் பெருங்கடலைக் கடக்கிறது! கலங்கல் கம்பியில் அது இளைப்பாறும்போது அதன் கூட்டுக்கண்ணை நெருக்கத்தில் எடுத்து வைத்திருக்கிறேன். ஆயிரக்கணக்கான அறுகோணங்கள், மேல் பாதி செம்மண் நிறம், கீழ்ப் பாதி சாம்பல்.

முதல் பெருமழை விட்ட மறுநாள் காலை புதர்க்காட்டுச் செம்மண்ணில் தம்பலப்பூச்சி எழும். என் சிறுவயதில் தீப்பெட்டியில் பிடித்து வைத்து விளையாடிய அதே சிவப்பு வெல்வெட். நெருங்கிப் பார்த்தால் வெல்வெட்டின் ஒவ்வொரு இழையும் தனித்தனி மயிர். எட்டுக் கால், சிலந்தியின் ஒன்றுவிட்ட உறவு. வருடத்தின் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே கிடந்து, நல்ல மழைக்குப் பிறகு சில மணி நேரம் மட்டும் இரை தேடவும் துணை தேடவும் வெளியே வருகிறது. வெயில் ஏறினால் மறைந்துவிடும். எட்டு மணிக்கு மேல் போகிறவர்களுக்கு வெறும் ஈர மண்தான்.

அன்றைக்கு ராத்திரியே வயல் வாய்க்காலில் பெருந்தவளைகளின் கூத்து. நாள் முழுக்க அழுக்குப் பச்சையில் கிடந்த ஆண் தவளைகள் நலங்கு வைத்த மாப்பிள்ளை மாதிரி மஞ்சள் மஞ்சளேரென்று மாறி, வாயின் இருபுறமும் பளீர் நீலத்தில் குரல்பையை ஊதிக்கொண்டு கத்தும். டார்ச் வெளிச்சத்தில் முதல் முறை பார்க்கிறவர்கள் பொம்மை என்றே நினைப்பார்கள். பிளாஷுக்கு முன்னால் வெள்ளை பிளாஸ்டிக் மூடி ஒன்றைக் கட்டி வெளிச்சத்தை மெதுவாக்கிக்கொண்டு, முழங்கால் வரை சேற்றில் நின்று, கொசுக்கடியைப் பொருட்படுத்தாமல், நீலப்பை முழுசாக ஊதிய கணத்துக்குக் காத்திருந்தேன். கிடைத்தது! தண்ணீர் வளையம் வளையமாக அதிர்ந்து விரிவதும் சேர்ந்து கிடைத்தது. குரலைப் படம் பிடிக்க முடியுமா என்று யாராவது கேட்டால் அந்தப் படத்தைத்தான் காட்டுகிறேன். இந்த நிறம் அந்தக் கூடும் பருவத்துக்கு மட்டும்தான். அது முடிந்ததும் பழையபடி பச்சைத் தவளை.

வேலிகளில் செங்காந்தள் ஏறுவதும் இதே நாட்களில். கண்வலிக்கிழங்கு என்று எங்கள் ஊரில் சொல்லும் இதுதான் தமிழ்நாட்டின் மாநிலப் பூ. இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொள்கிறது. பூ விரியும்போது பச்சை, பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும், கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே பூவைத் தினமும் அதே கோணத்தில் எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள், ஒரு நெருப்பு பற்றி எரிவதைப் பார்க்கலாம். கிழங்கும் விதையும் கடும் நஞ்சு. குழந்தைகளோடு போனால் தொட்டுவிட்டு வாயில் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்த்திகை, மார்கழியில் ஏரி நிரம்பியதும் எல்லாரும் வருகிறார்கள், மனிதர்களைத்தான் சொல்கிறேன். பக்கத்தில் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் இருக்கின்றன அல்லவா! 2022-ல் இரண்டும் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறின. வேடந்தாங்கல் மக்கள் 1790-களிலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுப் பறவைகளைச் சுடக்கூடாதென்று உத்தரவு வாங்கியவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குக் கைகண்ட விஷயம். அங்கே கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் கரண்டிவாயனும் மரம் கொள்ளாமல் கூடு கட்டியிருக்கும், அவசியம் பாருங்கள். அங்கிருந்து இரை தேடிக் கிளம்புகிற பறவைகள் வந்து இறங்குவதோ எங்களுடையது போன்ற பெயரில்லாத ஏரிகளிலும் வயல்களிலும்தான். நத்தைகுத்தி நாரை எங்கள் வயலில் நத்தையை அலகால் பிடித்துச் சதையை உருவி எடுப்பதைப் பத்தடி தூரத்தில் வரப்பில் உட்கார்ந்து எடுத்திருக்கிறேன். சரணாலயத்தின் பார்வைக் கோபுரத்திலிருந்து அந்தப் படம் கிடைக்காது.

2015 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்த பறவைகளை எண்ணி இ-பேர்டு தளத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவே. வீட்டு மொட்டை மாடியும் ஓரிடம்தான். எங்கள் தெருப் பிள்ளைகள் கரும்பைக் கடித்துக்கொண்டே கரைமேல் நின்று நாமக்கோழியையும் முக்குளிப்பானையும் எண்ணினார்கள். பெயர் தெரியாத வாத்துக்குப் படம் எடுத்து, க. ரத்னத்தின் ‘தமிழ்நாட்டுப் பறவைகள்’ புத்தகத்தைப் புரட்டித் தேடினார்கள். நீலச்சிறகு வாத்து, வடக்கே வெகு தொலைவிலிருந்து வந்தது என்று தெரிந்ததும் அந்தக் கூச்சலைக் கேட்டிருக்க வேண்டும்!

மாசியில் கல்யாண முருங்கை இலையெல்லாம் கொட்டிவிட்டுச் சிவப்பாக நிற்கும்போது சோளப்பட்சிகள் வந்து மொய்க்கும். இளஞ்சிவப்பு உடம்பு, கறுப்புத் தலை, நெற்றியெல்லாம் மகரந்த மஞ்சள். வண்ணத்தில் அள்ளிக்கொண்டு போகும் காட்சி அது. ஆனாலும் அந்த மாதத்தில் ஒரு நாளாவது நான் கேமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிடுவேன், மா. கிருஷ்ணனுக்காக. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-ல் பிறந்து 1996 வரை வாழ்ந்தவர். தானே பாகங்களைச் சேர்த்துப் பொருத்திய கேமராவால் கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தவர் காக்கையையும் ஓணானையும் அதே அக்கறையோடு எழுதினார். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950-ல் தொடங்கிய அவருடைய பத்தி அவர் இறக்கும் வரை வந்தது. தமிழில் எழுதியவற்றைச் சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுத்திருக்கிறார். ஊர்ப்புறத்து உயிர்களை எப்படிப் பார்ப்பது என்று கேட்கிறவர்களுக்கு நான் வாங்கிக் கொடுக்கிற புத்தகம் அதுதான்.

கேமரா பற்றிக் கேட்பீர்கள். செல்பேசியும் அதில் மாட்டுகிற சின்ன மேக்ரோ லென்ஸும் எருக்கஞ்செடிக்குப் போதும். பறவைக்கு ஆசை வந்தால் 150-600 மாதிரி ஒரு ஜூம், கரைக்கல்லில் ஊன்ற அரிசி நிரப்பிய துணிப்பை. கூட்டுப் பக்கம் போகாதீர்கள். குரலை ஒலிபரப்பிப் பறவையை வரவழைக்காதீர்கள். அது தன் எல்லைக்குச் சண்டை வந்துவிட்டதென்று எண்ணி அலைமோதிக் களைத்துப்போகும். தேதியைக் குறித்து வையுங்கள். கொன்றை முதல் பூ, தகைவிலான் முதல் வரவு, முதல் தவளைச் சத்தம். மரங்களின் இலை, பூ, காய்களை வாரம்தோறும் குறித்து அனுப்ப சீசன்வாட்ச் என்றொரு அருமையான திட்டம் இருக்கிறது. உங்கள் தெருமுனை வேம்பு அதில் இடம்பெறலாம்.

நான் இதை எழுதும்போது புரட்டாசி முடியப்போகிறது. வானம் தெற்கே கறுத்திருக்கிறது. ஆறுமணிக்குருவி இமயத்தடியிலிருந்து இறங்கி வரும் நேரம். விடிகாலையிலும் அந்தியிலும் இரண்டு சுரத்தில் விசிலடிக்கும். தரையில் சருகைக் கிளறிக்கொண்டு நடக்கும்போது பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு, வெள்ளை எல்லாம் அந்தக் குட்டை உடம்பில். வந்த களைப்பில் வீட்டுக்குள்ளேயே சில சமயம் புகுந்து உட்கார்ந்துவிடும். அப்படி வந்தால் அட்டைப்பெட்டியில் காற்றோட்டமாக வைத்து இருட்டாக்கி, தெளிந்ததும் தோட்டத்தில் விட்டுவிடுங்கள். எங்கள் ஏரியின் புதருக்குள் அதைக் கேட்டிருக்கிறேன், நல்ல படம் இன்னும் அமையவில்லை. ஆடு மேய்க்கும் பெரியவர் நேற்றுச் சாயங்காலம் அந்த விசில் கேட்டதாகச் சொன்னார். பேட்டரி இரண்டும் சார்ஜில் கிடக்கிறது. நாளைக்கு ஐந்தரைக்கெல்லாம் கலங்கலாண்ட வந்துவிடச் சொல்லியிருக்கிறார்.